கால்பந்து சம்மேளனமே சொந்தமாக டிவி சேனல் நடத்தினால் என்ன? தருமபுரி, கிருஷ்ணகிரி ரசிகர்கள் விவாதம்

பாலக்கோடு 10
ஞாயிறு, 16 நவம்பர் 2025, காலை 8:40

ஐ.எஸ்.எல். என்கிற இந்தியன் சூப்பர் லீக் கால்பந்தை நடத்தும் உரிமைக்கு அகில இந்திய கால்பந்து சம்மேளனம் விட்ட டெண்டர் என்ன ஆனது என்று பேப்பரில் பார்த்திருப்பீர்கள். நவம்பர் 7 கடைசி நாள். ஒருத்தர்கூட ஏலம் கேட்க வரவில்லை. ஆண்டுக்குக் குறைந்தது 37.5 கோடி ரூபாய், அல்லது மொத்த வருமானத்தில் 5 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தார்கள். 2010-ல் ரிலையன்ஸ் தரப்போடு 15 ஆண்டுகளுக்கு 700 கோடி என்று போட்ட பழைய ஒப்பந்தமும் டிசம்பர் 8-ஆம் தேதி முடிகிறது. சீசன் இன்னும் தொடங்கவே இல்லை.

நான் கேட்பது இதுதான். எத்தனை காலத்துக்கு ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் போய் நிற்பது? சம்மேளனமே ஒரு டிவி சேனல் தொடங்கட்டும். ஐ.எஸ்.எல்., ஐ லீக், பெண்கள் லீக், மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபி, ஜூனியர் போட்டிகள் எல்லாம் ஒரே இடத்தில். இன்றைக்கு ஒரு சாதாரண ரசிகன் இந்தியக் கால்பந்தைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் எந்த ஆப்பில் வருகிறது என்று துப்பறிய வேண்டியிருக்கிறது. போன டிசம்பரில் ஐதராபாத்தில் வங்கமும் கேரளமும் மோதிய சந்தோஷ் டிராபி இறுதி ஆட்டத்தை நம் ஊரில் எத்தனை பேர் பார்த்தீர்கள்? 1941 முதல் நடக்கிற போட்டி அது!

காவேரிப்பட்டணம் கேபிள்
காலை 9:15

தம்பி, கேபிள் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். சேனல் தொடங்குவது பெரிய காரியம் இல்லை, அதை வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் காரியம்.

முதலில் டெல்லியில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் அனுமதி. செய்தி இல்லாத சேனல் என்றாலும் நடத்துகிறவருக்கு 5 கோடி நிகரச் சொத்து இருக்க வேண்டும். சேட்டிலைட்டிலிருந்து சிக்னலை இறக்கும் டவுன்லிங்க் கட்டணம் மட்டும் வருஷத்துக்கு 5 லட்சம். இதெல்லாம் சில்லறை. சேட்டிலைட் வாடகை தனி. அப்புறம்தான் உண்மையான செலவு: ஒவ்வொரு டிடிஎச், ஒவ்வொரு கேபிள் கம்பெனியிடமும் போய் பாக்ஸில் இடம் கேட்க வேண்டும். இலவச சேனல் என்றால் சேனலை ஏற்றிக்கொள்வதற்கான கேரியேஜ் ஃபீஸை நீங்கள் கட்ட வேண்டும். கட்டண சேனல் என்றால் வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்துக் காசு கொடுக்க வேண்டும்.

எங்கள் ஏரியாவில் என்ன நடக்கிறது தெரியுமா? ஐ.பி.எல். முடிந்த மறுநாளே போன் வரும். "அண்ணா, அந்த ஸ்போர்ட்ஸ் பேக்கை எடுத்துடுங்க." கிரிக்கெட்டுக்கே இந்த நிலைமை. ராத்திரி எட்டரை மணிக்கு சீரியல் கட்டானால் வீட்டு வாசலுக்கே வந்து சத்தம் போடுவார்கள். ஒரு விளையாட்டு சேனல் இரண்டு நாள் கருப்பாக இருந்தாலும் யாரும் கவனிப்பதில்லை.

இன்னொன்று. ஆட்டம் இரண்டு மணி நேரம். மீதி இருபத்திரண்டு மணி நேரம் என்ன போடுவீர்கள்?

பாலக்கோடு 10
காலை 9:32

பழைய ஆட்டங்கள் போடலாம் அண்ணா. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் வாங்கினோம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காவது இடம். இதெல்லாம் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது.

காவேரிப்பட்டணம் கேபிள்
காலை 9:38

அந்தப் படச்சுருள் சம்மேளனத்தின் கையிலா இருக்கிறது? இருந்தாலும் அதை எத்தனை தடவை போடுவீர்கள், தினமும் மத்தியானம் ஒரு ஜகார்த்தாவா?

ஓசூர் நைட் ஷிஃப்ட்
காலை 10:20

ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்கலாம் என்று பார்த்தால் இந்தத் தலைப்பு.

எனக்குப் பிரச்சினை காசு இல்லை. யார் கையில் கொடுக்கிறோம் என்பதுதான். 2022 ஆகஸ்டில் இந்த சம்மேளனத்தை உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா தடை செய்தது ஞாபகம் இருக்கிறதா? தேர்தலை ஒழுங்காக நடத்தவில்லை, உச்ச நீதிமன்றம் நிர்வாகக் குழு போட்டது, மூன்றாவது ஆள் தலையீடு என்று ஃபிஃபா தடை போட்டது. பத்துப் பன்னிரண்டு நாளில் தடை நீங்கியது, சரி. ஆனால் தன் வீட்டுத் தேர்தலை நடத்தத் தெரியாதவர்கள் 24 மணி நேர சேனலை நடத்திவிடுவார்களா?

நான் பெங்களூரு எஃப்.சி. ரசிகன். கண்டீரவா ஸ்டேடியம் எங்களுக்கு நாற்பது கிலோமீட்டர்தான், பஸ் ஏறினால் போய்விடலாம். இந்த ஆகஸ்டில் அந்த கிளப் வீரர்களின் சம்பளத்தை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. லீக் நடக்குமா நடக்காதா என்றே தெரியாத நேரத்தில் நாம் சேனலுக்கு லோகோ வரைந்து கொண்டிருக்கிறோம்.

அதைவிடப் பெரிய கேள்வி: அக்டோபர் 14-ஆம் தேதி கோவாவின் மட்காவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று ஆசியக் கோப்பை வாய்ப்பே போனது. அன்று ராத்திரி சம்மேளனத்தின் சொந்த சேனலில் யார் உட்கார்ந்து, இதற்கு யார் பொறுப்பு என்று கேட்பார்கள்? சம்பளம் கொடுக்கிறவரையே கேள்வி கேட்கிற தொகுப்பாளரைக் காட்டுங்கள். ரியல் மாட்ரிட் கிளப்பின் சேனலைப் பாருங்கள். அடுத்த ஆட்டத்துக்கு வரப்போகிற நடுவரின் பழைய தவறுகளைத் தொகுத்து வீடியோ போடுகிறார்கள். ஸ்பெயினில் அது ஒரு பெரிய சண்டை. சொந்த சேனல் என்றால் கடைசியில் சொந்தப் புராணம்தான்.

அரூர் டீச்சர்
காலை 11:05

நான் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. எங்கள் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித் தருகிறேன். ஓசூர் தம்பி சொல்வதெல்லாம் ஆண்கள் லீக்கைப் பற்றி. எங்கள் பக்கத்து நிலைமையையும் கேளுங்கள்.

இந்த ஜூலை 5-ஆம் தேதி சியாங் மாயில் நம் பெண்கள் அணி தாய்லாந்தை 2-1 என்று அதன் சொந்த மண்ணிலேயே வென்றது. சங்கீதா பாஸ்ஃபோர் இரண்டு கோல். தகுதிச் சுற்று விளையாடி ஆசியக் கோப்பைக்குப் போவது நம் பெண்களுக்கு அதுதான் முதல் தடவை. அந்த ஆட்டத்தை இந்தியாவில் எந்த டிவியும் போடவில்லை. நாங்கள் எதில் பார்த்தோம் தெரியுமா? தாய்லாந்து அணியின் சொந்த யூடியூப் சேனலில். சாங்சூக் என்று பெயர். ஹாஸ்டல் வராந்தாவில் தண்ணீர்க் குடத்தில் என் போனைச் சாய்த்து வைத்து, சுற்றிப் பிள்ளைகள். இரண்டாவது கோல் விழுந்தபோது குடம் உருண்டு போன் நனைந்ததுதான் மிச்சம்.

ஆக, அந்த நாட்டு சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு சேனல் இருந்ததால்தான் நம் நாட்டு வெற்றியை நாங்கள் பார்க்க முடிந்தது. சேனல் தேவையா என்று இங்கே கேட்பவர்கள் இதற்கு முதலில் பதில் சொல்லுங்கள். 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை 2-1 என்று வீழ்த்தித் தமிழ்நாட்டுப் பெண்கள் தேசிய சாம்பியன் ஆனார்கள். மதுரை சேது எஃப்.சி. 2019-ல் பெண்கள் லீக்கை வென்றது. என் வகுப்பில் ஐ.பி.எல். அணிகளின் பதினொரு பேரையும் ஒப்பிக்கிற பிள்ளை இருக்கிறாள். சேது எஃப்.சி. பெயரை நான் சொல்லித்தான் கேட்கிறாள்.

ஓசூர் நைட் ஷிஃப்ட்
காலை 11:21

அக்கா, நீங்கள் சொல்வது யூடியூப். பாலக்கோடு கேட்பது டிவி சேனல். இரண்டும் ஒன்றில்லை. யூடியூபில் நம் சம்மேளனத்துக்கும்தான் சேனல் இருக்கிறது. ஆட்டங்களும் போடுகிறார்கள்.

அரூர் டீச்சர்
காலை 11:26

போடுகிறார்கள். எப்போது எந்த ஆட்டம் வரும் என்று யாருக்குத் தெரியும்? எத்தனை ஆட்டத்தில் தமிழ் வர்ணனை கேட்டிருக்கிறீர்கள்?

கபடி லைவ்
மதியம் 12:10

வணக்கம். நான் காரிமங்கலம், மொரப்பூர் பக்கம் ராத்திரி கபடி டோர்னமென்ட்டும் தை மாதத்தில் எருது விடும் விழாவும் யூடியூபில் லைவ் போடுகிறவன். சேனல், லைசன்ஸ் பேச்செல்லாம் எனக்குத் தெரியாது. கேமராவைப் பற்றிச் சொல்கிறேன்.

கபடிக்கு இரண்டு கேமரா போதும். ஒன்று மேடைக்கு எதிரில், ஒன்று கையில். ஒரு லேப்டாப், ஸ்கோர் பட்டை ஓட்டுவதற்கு ஒரு பையன், இரண்டு வேறு கம்பெனி சிம் போட்ட டாங்கிள், ஜெனரேட்டர். கோர்ட் சின்னது, லைட் அதன் மேலேயே விழும். எந்த மூலையில் பிடித்தாலும் ஆள் தெரிவான்.

கால்பந்து அப்படி இல்லை. மைதானம் நூறு மீட்டர் நீளம். நடுக்கோட்டுக்கு நேராக உயரத்தில் ஒரு கேமரா இல்லாவிட்டால் ஆட்டமே புரியாது. நம் ஊர் கிரவுண்டுகளில் ஏறி நிற்க ஒரு மாடி கிடையாது, சாரம்தான் கட்ட வேண்டும். அதையும் மேற்குப் பக்கம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் சாயங்கால வெயில் நேராக லென்ஸில் அடித்து வீரர்கள் எல்லாம் நிழலாகத் தெரிவார்கள். ஒரே கேமரா என்றால் எதிர் மூலையில் கார்னர் எடுக்கும்போது வெறும் புழுதிதான் வரும். கோல் விழுந்ததா, கோலி பிடித்தானா என்று கூட்டம் போடுகிற சத்தத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆள் இல்லாமல் தானே பந்தைத் துரத்துகிற கேமரா வந்திருக்கிறது, தெரியும். 2020 அக்டோபரில் ஸ்காட்லாந்தில் இன்வர்னஸ் கிளப் அப்படி ஒன்றை வைத்து லைவ் போட்டது. கேமரா பந்தை விட்டுவிட்டு லைன்ஸ்மேனின் வழுக்கைத் தலையையே திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தது. பந்து என்று நினைத்துவிட்டது!

அதனால் என் பேச்சு இவ்வளவுதான். சேனலை யார் வேண்டுமானாலும் நடத்தட்டும். படம் பிடிக்கிற வேலையைச் சம்மேளனம் தன் கையில் வைத்துக்கொள்ளட்டும். படம் உருப்படியாக இல்லாவிட்டால் எந்தச் சேனலில் போட்டும் யாரும் பார்க்கப் போவதில்லை.

கோர்ட் ரோடு
மதியம் 1:45

கபடி லைவ் சொன்னது சின்ன விஷயம் மாதிரி இருக்கிறது, ஆனால் விவாதத்தின் மையமே அதுதான். கிரிக்கெட் வாரியம் செய்தது அதைத்தான். 2012 முதல் உள்ளூர் சர்வதேச ஆட்டங்களின் படப்பிடிப்பை வாரியமே தயாரிக்கிறது. சேனல்காரர்கள் அந்த சிக்னலை வாங்கி ஒளிபரப்புகிறார்கள். வாரியத்திடம் இருக்கிற காசுக்கு பத்து சேனல் தொடங்கலாம். தொடங்கவில்லை. ஏன் என்று யோசியுங்கள்.

சட்டப் பக்கம் ஒரு விஷயம். 1993-ல் ஹீரோ கோப்பை கிரிக்கெட்டை வங்காள கிரிக்கெட் சங்கம் வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கொடுத்தது. தூர்தர்ஷன் எதிர்த்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய் 1995 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. அலைவரிசை பொதுச் சொத்து, அது அரசாங்கத்தின் தனியுரிமையும் இல்லை, தனியாரின் தனியுரிமையும் இல்லை என்றார்கள். இன்று நீங்கள் பார்க்கிற தனியார் விளையாட்டு ஒளிபரப்புக்கெல்லாம் வாசல் திறந்தது அந்த வழக்குதான். ஒரு சங்கம் தன் போட்டியைத் தான் விரும்பியவர் மூலம் காட்டலாம் என்பதற்குத் தடை இல்லை.

அப்புறம் 2007 சட்டம். தேசிய முக்கியத்துவம் உள்ள விளையாட்டு நிகழ்ச்சிகளின் சிக்னலை, விளம்பரம் இல்லாமல், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதிக்கும் கொடுத்தாக வேண்டும். விளம்பர வருமானம் டிவியில் உரிமை வைத்திருப்பவருக்கு 75, பிரசார் பாரதிக்கு 25 என்று பங்கு. சந்தோஷ் டிராபி அரையிறுதியும் இறுதியும் அந்தப் பட்டியலில் உண்டு. டீச்சரின் பிள்ளைகளுக்கு வேண்டியது புது சேனல் இல்லை, டிடி தமிழில் ஒரு நேரம். அதைக் கேட்டு யாராவது ஒரு மனு போட்டோமா?

பாலக்கோடு 10
மதியம் 2:30

மனு போட்டு டிடி தமிழில் நேரம் வாங்கி... சார், என் பேரன் பார்ப்பான்.

எல்லோரும் சொந்த சேனல் என்றாலே தோல்வி என்கிற மாதிரி பேசுகிறீர்கள். இங்கிலாந்தைப் பாருங்கள். அங்கே கால்பந்து சங்கம் 2019-ல் எஃப்.ஏ. பிளேயர் என்று ஒரு இணைய வீடியோ தளத்தைச் சொந்தமாகத் தொடங்கி, பெண்கள் சூப்பர் லீக் ஆட்டங்களை இலவசமாகக் காட்டியது. அதற்கு முன் அந்த ஆட்டங்களில் சிலதுதான் டிவியில் வந்தன. இரண்டே வருஷத்தில், 2021-ல், ஸ்கை, பிபிசி இரண்டும் வந்து ஒப்பந்தம் போட்டன. முதலில் நாமே காட்ட வேண்டும், கூட்டம் சேர வேண்டும், அப்புறம் வியாபாரி தானாக வருவான். நம் சம்மேளனம் தலைகீழாகச் செய்கிறது. காட்டாத சரக்குக்கு 37.5 கோடி கேட்கிறது.

ஓசூர் நைட் ஷிஃப்ட்
மதியம் 2:52

கதையின் மீதிப் பாதியையும் சொல்லுங்கள். 2024-ல் அந்த லீக், டிவியில் வராத ஆட்டங்களை எஃப்.ஏ. பிளேயரிலிருந்து எடுத்து யூடியூபுக்குக் கொண்டுபோனது. ஏன்? கூட்டம் அங்கேதான் இருக்கிறது. பார்சிலோனா கிளப்புக்கு உலகம் முழுக்க ரசிகர்கள். அவர்களே செலவு கட்டுப்படியாகாமல் 2023 ஜூனில் பார்சா டிவியை மூடினார்கள். மெஸ்ஸி விளையாடிய கிளப்புக்குத் தாங்காத செலவு நமக்குத் தாங்குமா?

பாலக்கோடு 10
மதியம் 3:04

பிரான்ஸ்? 2020-ல் மீடியாப்ரோ என்கிற கம்பெனி பிரெஞ்சு லீக்கின் ஒளிபரப்பு உரிமைக்கு வருஷத்துக்கு 80 கோடி யூரோவுக்கு மேல் தருவதாகச் சொல்லிவிட்டு சில மாதத்திலேயே கையை விரித்தது. அதற்குப் பின் வந்தவர்களும் நிலைக்கவில்லை. இந்த ஆகஸ்டில் லீக் 1+ என்று சொந்தமாகவே சேனல் தொடங்கிவிட்டார்கள். மாதம் 14.99 யூரோ. நம் நிலைமையும் அதேதான், வாங்க ஆள் இல்லை.

கோர்ட் ரோடு
மதியம் 3:11

லீக் 1+ நடத்துவது கிளப்புகளின் லீக் அமைப்பு, பிரெஞ்சு சம்மேளனம் இல்லை. நம் ஊரில் யார் லீக்கை நடத்துவது என்பதே தகராறு. இந்த வித்தியாசம் சின்னதில்லை.

மாங்கா மண்டி
மதியம் 3:15

அந்தக் காசுக்கு ஒரு கூடை செந்தூரா வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே கபடி பார்ப்பேன். தொடருங்கள்.

காவேரிப்பட்டணம் கேபிள்
மாலை 5:20

பிரான்ஸில் மாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கட்டுகிறவன் இருக்கிறான். நம் ஆள் யார்? 2011-ல் அரசு கேபிள் எழுபது ரூபாய்க்கு வந்தபோது தனியாரை விட்டு அங்கே ஓடியவர்கள் நம் மக்கள். நான் குறை சொல்லவில்லை, கூலிக்குப் போகிற வீட்டில் அப்படித்தான் இருக்கும். 2022 உலகக் கோப்பையை ஜியோசினிமாவில் தமிழ் வர்ணனையோடு இலவசமாகப் போட்டார்கள். எங்கள் தெருவில் மெஸ்ஸிக்குப் பட்டாசு வெடித்தார்கள். இலவசம் என்றால் ராத்திரி விழித்துப் பார்ப்பார்கள்.

சம்மேளனத்துக்குப் பழைய ஒப்பந்தத்தில் வருஷத்துக்கு 50 கோடி வந்துகொண்டிருந்தது. அதில்தான் ஜூனியர் அணி, பெண்கள் அணி, நடுவர் பயிற்சி எல்லாம். அது நின்றுபோகிற நேரத்தில் ஸ்டூடியோவுக்கும் சேட்டிலைட்டுக்கும் செலவு செய்யச் சொல்கிறீர்கள். முதலில் வெட்டு விழுவது எதில் என்று டீச்சரம்மாவுக்குத் தெரியும்.

அரூர் டீச்சர்
மாலை 6:02

தெரியும் அண்ணா. எப்போதும் எங்கள் மேல்தான் விழும். ஆனால் ஒன்று. ஒப்பந்தம் நன்றாக ஓடிய காலத்திலும் பெண்கள் லீக்கை எத்தனை பேர் டிவியில் பார்த்தார்கள்? கம்பெனிக்கு விற்றபோதும் எங்களுக்கு வரவில்லை, விற்காதபோதும் வரவில்லை. சேட்டிலைட் வேண்டாம், ஸ்டூடியோ வேண்டாம். கபடி லைவ் தம்பி சொன்ன சாரமும் இரண்டு கேமராவும் தமிழில் பேச ஒரு ஆளும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கட்டாயம் என்று சம்மேளனம் விதி போடட்டும். எந்த ஆட்டம் எத்தனை மணிக்கு என்று ஒரு வாரம் முன்பே அட்டவணை போடட்டும். அதை சேனல் என்று சொன்னால் நான் சேனல் பக்கம்.

ஓசூர் நைட் ஷிஃப்ட்
மாலை 6:15

இதற்கு நான் எதிர்ப்பு இல்லை. ஆனால் வர்ணனையாளருக்குச் சம்பளம் சம்மேளனம் கொடுத்தால், பயிற்சியாளரை மாற்று என்று அவர் பேசுவாரா? அதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

கோர்ட் ரோடு
மாலை 6:24

தனியார் சேனலில் மட்டும் பேசினார்களா? லீக்கை நடத்திய கம்பெனியும் லீக்கை ஒளிபரப்பிய கம்பெனியும் ஒருவருக்கொருவர் வேண்டியவர்கள். பத்து வருஷத்தில் இந்த லீக் நஷ்டத்தில் ஓடுகிறது என்று ஆட்டத்தின் நடுவே எந்த வர்ணனையாளர் சொன்னார்? கேள்வி கேட்பது பத்திரிகையின் வேலை. ஆட்டத்தைக் காட்டுவது வேறு வேலை.

ஓசூர் நைட் ஷிஃப்ட்
மாலை 6:31

அப்படியென்றால் சேனல் வெறும் ஆட்டம் மட்டும் காட்டட்டும். ஆட்டம் முடிந்ததும் அணைத்துவிட வேண்டும். தலைவர் பேட்டி, தலைவர் ரிப்பன் வெட்டியது, தலைவர் பிறந்தநாள் எதுவும் வரக்கூடாது. சம்மதமா?

பாலக்கோடு 10
மாலை 6:40

சம்மதம். மாதம் ஐம்பது ரூபாய் கட்டணம் வைக்கலாம். எல்லா ஆட்டமும் தமிழில்.

காவேரிப்பட்டணம் கேபிள்
மாலை 6:44

வசூல் பண்ணிப் பழகியவன் கேட்கிறேன். இங்கே பேசுகிறவர்களில் ஐம்பது ரூபாய் மாதா மாதம் யார் யார் கொடுப்பீர்கள்? பேரைப் போடுங்கள்.

கபடி லைவ்
மாலை 6:50

எனக்கு வேலை கொடுத்தால் நான் கொடுக்கிறேன்.

மாங்கா மண்டி
மாலை 6:51

ஜூனுக்கு அப்புறம் கேளுங்கள்.

ஓசூர் நைட் ஷிஃப்ட்
மாலை 7:05

முதல் மூன்று மாதம் இலவசமாகக் காட்டுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அரூர் டீச்சர்
மாலை 7:12

நான் கொடுக்கிறேன். பெண்கள் ஆட்டம் ஒன்றுகூட வராத மாதத்துக்குக் கொடுக்க மாட்டேன்.